கை கழுவிய பிறகு

குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஒரு குழந்தை இறந்தபோது முதலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தது. "நுரையீரல் தாங்கல" என்றார் குழந்தை டாக்டர். அதே வார்டில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டு, அவர்களுடைய ரத்தமும் லேபுக்கு வந்தபோதுதான் லேப் டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது.

ரத்த பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். இளஞ்சிவப்பில் குட்டைக் குட்டையான குச்சிகள். இரண்டு பாட்டிலிலும் அதேதான். அந்தப் பெண் குழந்தை இறந்த பிறகு அதன் ரத்தத்திலும் இந்தக் குச்சிகளைத்தான் பார்த்திருந்தாள். அந்தக் குழந்தையின் ரத்தத்தில் இருந்த கிருமியை வளர்த்த கல்ச்சர் பிளேட்டை லேபின் இன்குபேட்டரிலிருந்து எடுத்து மேஜையிலேயே விட்டிருந்தது நினைவு வர, திரும்பிப் பார்த்தாள். வெளுப்பாக முளைத்திருந்த புள்ளிகள் அறைச் சூட்டில் சிவக்க ஆரம்பித்திருந்தன.

"செராஷியா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பழைய காலத்தில் ஈர ரொட்டியில் சிவப்பாகப் படர்ந்து, ரத்தம் கசிகிறது என்று ஜனங்களை நடுங்க வைத்த கிருமி இது. கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும், எங்கேயும் குடியேறிவிடும். திடகாத்திரமான ஆளைப் பெரும்பாலும் சீண்டாது. குறைமாதக் குழந்தையின் ரத்தத்துக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் அதன் குணமே வேறு.

போன் செய்யக்கூடப் பொறுமையில்லாமல் மாடிப்படி ஏறி ஓடினாள்.

வார்டில் குழந்தை டாக்டர் ஒரு கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்திருந்தார். உள்ளே இருந்த ஆண் குழந்தையின் தோல் சாம்பல் பூத்திருந்தது. பக்கத்தில் ஊசியோடு நின்றாள் வார்டின் தலைமை நர்ஸ். அவள் லேப் டாக்டருக்கு நாத்தனார். ஊரெல்லாம் அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டாலும் வீட்டில் அவள் சின்னிதான்.

"சார், என்ன மருந்து போடப் போறீங்க?"

"கோலிஸ்டின். வழக்கமா போடற எதுக்கும் அசையல. கடைசி அஸ்திரம்னு வச்சிருந்ததை எடுத்துட்டேன்."

"வேண்டாம் சார். இந்தக் கிருமி பொறக்கும்போதே அந்த மருந்துக்குக் கவசம் போட்டுக்கிட்டுப் பொறந்தது. தண்ணிய ஏத்தற மாதிரிதான்."

அவர் நிமிர்ந்தார். "ரிப்போர்ட் வந்துடுச்சா?"

"நாளைக்குத்தான் வரும். ஆனா பிளேட் சிவக்குது. மெரோபெனம் கொடுங்க."

"நிறத்தைப் பாத்து மருந்து மாத்தச் சொல்றீங்க. தப்பாப் போனா?"

"தப்பாப் போனா என் பேரைச் சொல்லுங்க சார். நாளை வரைக்கும் இவன் காத்திருக்க மாட்டான்."

பெட்டிக்கு மேலே இருந்த மானிட்டரில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு, "சிஸ்டர், மாத்துங்க" என்றார்.

மருந்து பாதி வேலைதான். கிருமி எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் அடுத்த குழந்தைக்கும் இதே கதி. அன்று பகல் முழுவதும் அவள் பஞ்சுக் குச்சிகளோடு வார்டைத் துழாவினாள். குழாய், தொட்டி, கண்ணாடிப் பெட்டிகளின் ஓரங்கள், தாய்ப்பால் பிழியும் கருவி, சொட்டு மருந்து என்று ஒவ்வொன்றையும் ஒற்றி எடுத்தாள். கடைசியில், "எல்லாரும் கையைக் காட்டுங்க" என்றாள்.

சின்னிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன அண்ணி இது? கை கழுவிக் கழுவித் தோலே உரிஞ்சு போச்சு. எங்க கையைச் சந்தேகப்படறீங்களா?"

"எல்லார் கையையும்தான் பாக்கறேன். டாக்டர் சார் கை, என் கை எல்லாத்தையும்."

"அந்தக் குழந்தையை ராத்திரியும் பகலுமா நெஞ்சுல வச்சுப் பாத்துக்கிட்டேன். நான்தான் கொன்னேன்னு எழுதணும்னா நேரா எழுதிடுங்க."

கையை நீட்டினாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் அன்று இரண்டு பெண்களும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். குழம்புப் பாத்திரத்தைக்கூட ஒருத்தி மற்றவள் பக்கம் தள்ளவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தவன் ஒருத்திக்கு அண்ணன், ஒருத்திக்குப் புருஷன். "உப்பு வேணும்னா என்கிட்டயே கேளுங்க, நான் தூது போறேன்" என்று சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ரிப்போர்ட் வந்தது. மருந்து சரி. குழந்தை டாக்டருக்குச் சொன்னபோது, "இறங்கறது நின்னிருக்கு. ஏற இன்னும் ஆரம்பிக்கல" என்றார்.

பிறகு மற்ற பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். குழாய் சுத்தம். தொட்டி சுத்தம். டாக்டரின் கை, துப்புரவு அம்மாவின் கை, தன் கை, எதிலும் செராஷியா இல்லை. நர்ஸ்களின் பிளேட்டுகளில் மட்டும் புள்ளிகள். சின்னியின் பிளேட்டில் மணல் கொட்டியது போல அடர்த்தி.

மூடியைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டாள். எல்லாரும் ஒரே தொட்டியில், ஒரே சோப்பில்தான் கழுவுகிறார்கள். அதிகமாகக் கழுவும் கைகளில் மட்டும் எப்படி?

மேலே போய் வார்டின் வாசலில் ஓரமாக நின்று பார்த்தாள். சின்னி தொட்டிக்கு வந்தாள். விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று பாடப் புத்தகத்தில் போடும் படம் போலக் கழுவினாள். காகிதத்தால் ஒற்றினாள். அப்புறம், நேற்றுத் துழாவியபோது கண்ணில் படாமல் அலமாரி மேலிருந்த ஒரு வெள்ளை பாட்டிலை அழுத்தி, வந்த லோஷனைக் கை முழுக்கத் தேய்த்துக்கொண்டு குழந்தையிடம் நடந்தாள்.

"சின்னி! தொடாதே!"

வார்டே திரும்பிப் பார்த்தது. சின்னியின் கை பெட்டியின் கதவுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

"அந்த பாட்டில் யார் கொடுத்தது?"

"நான்தான் கொண்டு வந்தேன். பொண்ணுங்களுக்குக் கை வெடிச்சு ரத்தம் வருது. மேல கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயி, பெரிய கேன் வாங்கி வந்து ஊத்தி வைக்கறேன்."

"பாட்டிலைக் கழுவினியா?"

"குறையக் குறைய மேல ஊத்துவேன். கெட்டியானா கொஞ்சம் தண்ணி..." அவள் பேச்சு அங்கேயே நின்றது. பாட்டிலைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள். "அண்ணி, அதுல இல்லைன்னு சொல்லுங்க."

லேப் டாக்டர் கையுறை மாட்டினாள். பாட்டிலைப் பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போனாள். அடுத்த நாள் அந்த லோஷன் தடவிய பிளேட்டில் இடமே இல்லாமல் முளைத்திருந்தது. மேஜையில் வைத்தபோது அதுவும் மெல்லச் சிவந்தது.

ஆஸ்பத்திரித் தலைவர் கூட்டம் போட்டார். கதவைச் சாத்தியதும், "வெளியிலிருந்து அந்தப் பொருளைக் கொண்டு வந்தது யாரு?" என்றார்.

லேப் டாக்டர் முந்திக்கொண்டாள். "அது இங்க கொடுத்திருக்க வேண்டிய பொருள் சார். கேட்டும் வரல. அதையும் சேத்துத்தான் ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்."

"நான் கேட்டது அதில்ல."

"நான்தான் சார்" என்று சின்னி எழுந்தாள். "அண்ணி என்னைக் காப்பாத்தப் பாக்கறாங்க. வேண்டாம். நான் அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட நேர்ல சொல்லணும். அதுக்கு மட்டும் அனுமதி கொடுங்க."

அந்தத் தாய் இன்னும் கீழ்த்தளத்தில்தான் இருந்தாள், ஆபரேஷன் புண் ஆறாமல். சின்னி கட்டிலருகே நின்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். லேப் டாக்டர் துணைக்கு நின்றாள்.

"அவளுக்கு வலிச்சிருக்குமா?" என்று மட்டும் கேட்டாள் தாய்.

"கடைசியில என் விரலைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டா" என்றாள் சின்னி.

"போயிடுங்க. உங்களைப் பாக்க முடியல."

இருவரும் படியேறினார்கள். லேபில் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சின்னியை உட்கார வைத்தாள் அண்ணி. தண்ணீர் கொடுத்தாள். சின்னி அதைத் தொடவில்லை.

"எனக்கு அதைக் காட்டுங்க."

கண்ணாடித் தகட்டை வைத்து மைக்ரோஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்தாள். சின்னி குனிந்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"பாக்க அழகா இருக்கு அண்ணி. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்றவள், அப்போதுதான் உடைந்து அழுதாள். அண்ணி அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டில் போன பிறகு வார்டில் புதிதாக யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. காய்ச்சல் கண்ட இரண்டு குழந்தைகளில் ஒன்று சீக்கிரமே தேறியது. சாம்பல் பூத்த அந்த ஆண் குழந்தை எல்லாரையும் தவிக்கவிட்டு, மெதுவாகப் பால் குடிக்கத் தொடங்கியது. விசாரணை முடியும்வரை சின்னியை வார்டுக்குள் விடவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டபோது, குழந்தைகள் வார்டு வேண்டாம், வேறு எங்காவது போடுங்கள் என்று அவளே கேட்டாள். "இனிமே உங்களைவிடக் கவனமா யாரு இருப்பா?" என்று குழந்தை டாக்டர் அதற்குச் சம்மதிக்கவில்லை. வாதாடிப் பார்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு அண்ணியோடு சேர்ந்து பஸ் ஏறினாள்.