மடக்கு இருக்கை

அன்று காலை டேட்டன் விமான நிலையத்தில் லோர்னா குபியாக் யாரோடும் பேசும் நிலையில் இல்லை. முந்தின நாள் வந்த பட்டியலை நாலு தடவை படித்திருந்தாள். நாலு தடவையும் அவள் எண் 4812 ஆகத்தான் இருந்தது.

இருபத்தாறு வருஷம். ஐம்பது பேர் ஏறும் விமானத்தைப் பனியிலும் இடியிலும் ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஏற்றி இறக்கியவள். விமானத்தின் வாலில் பெரிய கம்பெனியின் பெயர், வேலைக்கு வைத்தது சின்ன கம்பெனி. இப்போது பெரியது சின்னதை விழுங்கிவிட்டது. விமானிக்குப் பணிமூப்பு எண்தான் எல்லாம். எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு வீடா விடுதியா என்று எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கும். பெரிய கம்பெனி விமானிகளின் குழு போட்ட பட்டியலில் அவர்களுடைய கடைசி ஆளுக்கும் கீழேதான் சின்ன கம்பெனியின் முதல் ஆள். அந்த முதல் ஆள் லோர்னா. பட்டியல் நிலைத்தால் கேப்டன் இருக்கையை விட்டு இறங்க வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் கூப்பிடுவார்கள் என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டும். அன்று பிற்பகல் இரண்டு மணிக்குச் சார்லட்டில் நடுவர் முன்னால் பட்டியல் மீதான விசாரணை.

அவள் ஓட்டப்போவதும் சார்லட்டுக்குத்தான். பயணிகளால் விமானம் நிரம்பிவிட்டது. விமானி அறையில், கதவோரம் இருக்கும் மடக்கு இருக்கை மட்டும் காலி. சீருடை போட்ட எந்த விமானியும் அதில் ஓசியில் போகலாம், ஆனால் கேப்டனிடம் நேரில் வந்து கேட்க வேண்டும். கேப்டன் மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

முதலில் வந்து கேட்டவன் கோல்பி ஹெய்ன்ஸ். பெரிய கம்பெனியில் சேர்ந்து பதினோரு மாதம் ஆன பையன். பட்டியலில் அவன் எண் 4811.

"வீட்டுக்குப் போகணும் கேப்டன். இடம் கிடைக்குமா?"

"ஏறுப்பா."

அவன் பையைத் தூக்குவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒரு நிமிஷம் கேப்டன்!" கேரட் ப்ரூயிட். பட்டியலைப் போட்ட குழுவின் தலைவன். சின்ன விமானத்தில் பறந்த வருஷங்கள் வெறும் பயிற்சிக் காலம்தான், கணக்கில் வராது என்று எல்லோருக்கும் கடிதம் எழுதியவன்.

"ரெண்டு மணிக்கு நான் அங்க இருக்கணும். கோல்பி, நீ அடுத்த பிளேன்ல வா."

"இவன் முதல்ல வந்தான்" என்றாள் லோர்னா.

"முதல்ல வந்தா? இது என்ன டோனட் கடை வரிசையா? ஒரே கம்பெனி ஆளுங்க ரெண்டு பேர் கேட்டா, வேலையில முன்னாடி சேர்ந்தவனுக்குத்தான் இடம். நான் 2001. இவன் போன வருஷம். உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. "நான் 1990" என்றாள். "இவனுக்குக் கீழ என்னைப் போட்டியே, அப்ப எங்கய்யா போச்சு சேர்ந்த தேதி?"

"அது வேற விஷயம். அதை நடுவர்கிட்டப் பேசிக்கலாம்."

"நான் ஓட்டுறது கணக்குல வராதுன்னு எழுதின. கணக்குல வராத பொம்பளை ஓட்டுற பிளேன்ல எப்படி ஏறுவ? பயமா இல்ல?"

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். ப்ரூயிட் பற்களைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான்.

லோர்னா இருக்கைக்கான படிவத்தை எடுத்து நீட்டினாள். "சரி, உனக்கே தர்றேன். ஆனா இவனைத் தள்ளிட்டு உனக்கு ஏன் தரணும்னு கீழ உன் கையால எழுது. கையெழுத்தும் போடு."

"இதெல்லாம் யாரும் எழுதுறதில்ல."

"என் பிளேன்ல எழுதணும். இல்லன்னா பையன் ஏறட்டும்."

ப்ரூயிட் பேனாவைப் பிடித்தபடி நின்றான். கதவை மூட இன்னும் ஆறு நிமிஷம். பிறகு கிறுக்கினான்: 'வேலையில் முன்னால் சேர்ந்தவருக்கே முதல் உரிமை.' அடியில் கையெழுத்து.

"ஸாரி கோல்பி" என்றாள் லோர்னா. அந்தப் பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தான்.

சார்லட் வரை அவள் முதுகுக்குப் பின்னால் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தான் ப்ரூயிட். பக்கவாட்டுக் காற்று பலமாக அடித்தும் சக்கரங்கள் அலுங்காமல் தரை தொட்டன. இறங்கும்போது கையை நீட்டினான். "அந்தத் தாளைக் குடுங்க. ஒண்ணரை மணி நேரம் உட்கார்ற இடமும் ஒருத்தரோட பிழைப்பும் ஒண்ணா?"

"இல்லதான். உட்கார்ற இடத்துக்கே அந்த நியாயம்னா, பிழைப்புக்கு வேண்டாமா?"

வாசலில் சின்ன கம்பெனி விமானிகள் சங்கத்து மார்லின், விசாரணைக்குப் போகக் காத்திருந்தாள். லோர்னா தாளைக் கொடுத்தாள். மார்லின் இரண்டு தடவை படித்தாள்.

"இதை வச்சு ஜெயிச்சிருவோமா லோர்னா?"

"தெரியாது. ஆனா விசாரணையில இதை எழுதினது யாருன்னு கேளு. எல்லாரும் பார்க்க, அவன் வாயாலயே படிக்கச் சொல்லு."

அவள் அடுத்து ஓட்ட வேண்டிய நாக்ஸ்வில் விமானத்துக்குப் பயணிகள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். லோர்னா தொப்பியைச் சரிசெய்துகொண்டு இடது பக்கத்துக் கேப்டன் இருக்கைக்குத் திரும்பிப் போனாள்.