சாமி கொடுக்காத உத்தரவு

காளிச்சாமிக்கு அண்ணன்மேல் கோபம் எதுவும் கிடையாது. இருந்திருந்தாலாவது செய்ததற்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். அண்ணன் ஐயாசாமி உட்கார்ந்திருந்த நாற்காலிமேல்தான் அவனுக்கு ஆசை. கோவையில் இருவரும் சேர்ந்து வளர்த்த பம்புசெட் கம்பெனியில் அண்ணன் முதலாளி, இவன் என்றைக்கும் சின்ன முதலாளி. ஐம்பது வயதிலும் ஒருவனைச் சின்ன என்று கூப்பிட்டால் கசக்கத்தான் செய்யும். அந்தக் கசப்பு ஆறிவிடாமல் பார்த்துக்கொண்டவள் மனைவி புவனா.

ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டான். ஐயாசாமி முகம் சுளிக்கவில்லை.

"கொலதெய்வத்துகிட்டப் பூ கேட்டுப்போடலாம் தம்பி. வெள்ளை வந்தா நான் பாத்துக்கறேன். செவப்பு வந்தா நீயே எடுத்து நடத்து."

பெண் எடுப்பதிலிருந்து போர்வெல் போடுவதுவரை அந்தக் குடும்பத்தில் எல்லாம் அப்படித்தான். இலையில் மடித்த இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப்பூ, ஒன்றில் சிவப்பு. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். அதில் இருப்பதுதான் சாமியின் உத்தரவு. பொட்டலம் மடிக்கிற வேலை புவனாவுக்கு வந்தது.

கோயிலுக்கு இருவரும் தனிக் காரில் போனார்கள். அவிநாசி தாண்டியதும் அவள் மெதுவாகச் சொன்னாள். "ரெண்டுலயும் செவ்வரளியே வெச்சுப்போட்டனுங்க. எடுக்காத பொட்டலத்த யாரு பிரிச்சுப் பாக்கப் போறாங்க?"

காளிச்சாமி வண்டியைத் திருப்பியிருக்கலாம். கோயில்வரை திருப்புவதற்கு எத்தனையோ இடம் இருந்தது. பாவி மனுஷன், கியரை மாற்றி இன்னும் வேகமாகப் போனான்.

சிவப்பு வந்தது. ஐயாசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, அங்கேயே சாவிக்கொத்தைத் தம்பி கையில் வைத்தார்.

நாற்காலி கிடைத்தவனுக்கு நாற்காலி போதவில்லை. புதுக் கட்டடம் எழும்பியது, சேர்மன் என்று பலகை தொங்கியது. அந்தப் பவுசுக்கெல்லாம் ஈடுகட்ட, மோட்டாரில் செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியம் சுற்றி, செம்பு என்றே விற்றான். கோடையில் தோட்டம் தோட்டமாக மோட்டார் புகைந்தது. விவசாயிகள் டெம்போவில் ஏற்றி வந்து கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, ஐயாசாமி பேரைச் சொல்லித் திட்டினார்கள். அவர் பேரை நம்பித்தானே வாங்கியிருந்தார்கள்! கம்பெனி கைமாறியது. புவனா இப்போது எந்தக் கோயிலுக்கும் போவதில்லை, தலையில் பூ வைப்பதும் இல்லை.

இதற்கிடையில் அண்ணன் படுத்துவிட்டார் என்று தகவல் வந்தது. போத்தனூர் வீட்டுக்கு ஓடினான். அண்ணி செல்லாத்தாள் வாசலிலேயே அழுதாள்.

"சாமி ஒதுக்கிப்போடுச்சுன்னு செருப்பில்லாம கோயில் கோயிலா நடந்தாருங்க. ஒருபொழுதா வெரதம் இருந்தே ஒடம்பு போயிருச்சு."

உள்ளே ஐயாசாமி தம்பியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீ எங்கூடவே இருந்தவன் காளி. சாமி வேண்டாங்கற அளவுக்கு நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்? சொன்னீன்னா, அதுக்குண்டானதச் செஞ்சுபோட்டு நிம்மதியாப் போவேன்."

காளிச்சாமி உடைந்துபோனான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்ண்ணா. நாங்கதானுங்க ரெண்டுலயும் செவப்பு வெச்சோம். சாமி உங்கள ஒதுக்கவே இல்லீங்ண்ணா!"

ஐயாசாமி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ற மனசு ஆறோணும்னு உம்மேல பழி போட்டுக்கறயா கண்ணு? சாமி விசயத்துல பொய் சொல்லாத."

காளிச்சாமி பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தான், காலைப் பிடித்து அழுதான். அண்ணன் நம்பவே இல்லை. தன் தம்பி அப்படிச் செய்கிறவன் இல்லை என்று அவருக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தது.