மஞ்சள் அட்டையின் கடைசிப் பாட்டு

…பாட்டு நிற்க வேண்டிய இடம் இதுதானே, ஏன் நிற்கவில்லை, கிட்டார் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறதே என்று காரின் திரையைத் தட்டிப் பார்த்தேன், பழுது ஒன்றுமில்லை, பாட்டு இன்னும் நிறைய பாக்கி இருப்பதாகத்தான் காட்டுகிறது. கிளேபாங் கடற்கரை வெயிலில் காரை நிறுத்திவிட்டு என் கணவர் காந்தன் தேங்காய் ஷேக் வாங்க வரிசையில் நிற்கிறார், மகள் திவ்யா காலையில் என் போனில் ஏற்றிக்கொடுத்த பழைய ராக் ஆல்பங்களை நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்... எல்லாம் தொண்ணூறுகளின் கடைசியில் வந்தவை, எங்கள் ஊர் ஜாசினின் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், திருட்டு கேசட்டுகளாக எங்களுக்குக் கிடைத்தவை. மூக்கடைத்த குரலில் அழுதே பேர் வாங்கிய ஒருவன், இப்போது கேட்டால் சிரிப்பு வருகிறது, இவனுக்காகவா முடியை அப்படி வெட்டிக்கொண்டு அம்மாவிடம் அறை வாங்கினேன்? டிரம்ஸ் இடியாக விழும் இன்னொன்று, அதற்குக் கிழடு தட்டவே இல்லை, என்னைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த மஞ்சள் அட்டை ஆல்பம் தனி. கேசட்டில் இடம் போதாமல் கடைசிப் பாட்டை நடுவில் வெட்டிவிட்டான் போலிருக்கிறது அதைப் பதிந்து விற்ற புண்ணியவான், எங்களுக்கு என்ன தெரியும், பாடகன் பாதி வரியில் நிற்பான், டேப் தீர்ந்து ரேடியோவின் பொத்தான் டக்கென்று மேலே எழும்பும், ஆகா, என்ன முடிவு, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று வாயைப் பிளந்தோம்.

காந்தனுக்குப் பெருமையே அந்த முடிவுதான்... இவரும் இவருடைய நண்பர் பிரவினும் சேர்ந்து ஜாசினில் பேண்ட் நடத்திய காலம், பிரவினுடைய அக்கா கல்யாணத்தில் இந்தப் பாட்டை வாசித்தார்கள், பாதி வரியில் எல்லாரும் கையை எடுத்துவிட, இவர் மட்டும் டிரம்ஸ் விளிம்பில் குச்சியால் டக்கென்று ஒரு தட்டு, பொத்தான் எழும்பும் சத்தத்தையும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்து! கூட்டம் திருதிருவென்று விழித்தது, கரண்ட் போய்விட்டதோ என்று ஒரு மாமா காற்றாடியை அண்ணாந்து பார்த்தார், கைதட்டியது நான் ஒருத்திதான். அப்படித்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார், அப்படித்தான் இந்தக் குடும்பமே. வருகிற சனிக்கிழமை பிரவின் மகளுடைய கல்யாண விருந்தில் மறுபடியும் வாசிக்கப் போகிறார்கள், சாப்பாட்டு மேசைக்குக்கூட ஓய்வில்லை, தட்டிக்கொண்டே இருக்கிறார், ஒரிஜினலிலேயே அப்படித்தான் முடியும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் அளந்துகொண்டிருக்கிறேன், இவர் பக்கத்தில் சிரித்தபடி நிற்பார். பாட்டு அங்கே முடியவே இல்லை என்று இப்போது எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் எந்தப் பொடியனாவது அங்கேயே போனை எடுத்துப் போட்டுக் காட்டிச் சிரிப்பான், சொன்னால் அந்த முகம் வாடும், என் சந்தோஷத்தில் பாதி அந்த முகத்தில்தான் இருக்கிறது, அதை நானே எப்படிக் கெடுப்பேன்...

கதவு திறந்தது, இரண்டு கோப்பையோடு வந்து உட்கார்ந்தார், நான் அவசரமாகப் பாட்டை நிறுத்தப் போனேன்.

"விடு லா தேவி, ஓடட்டும்."

கோப்பைகளை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட ஆரம்பித்தார், நான் கேட்டே இராத அந்த மிச்சப் பாட்டுக்கு, ஒரு தட்டும் பிசகாமல், தாளம் மாறும் இடத்தில் பாட்டுக்கு ஒரு கணம் முன்பே விரல் மாறுகிறது... அப்படியானால் இவருக்குத் தெரியும், எப்போதிலிருந்து? எங்கள் கல்யாணத்துக்கு முன்பா, திவ்யா பிறந்த பிறகா? பாட்டு நிதானமாக இறங்கி முடிந்தது, நல்ல முடிவுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

"சனிக்கிழமை எங்க முடிக்கப் போறீங்க?" என்றேன்.

"எப்பயும் நிறுத்துற எடத்துலதான். நீ முன்னால உக்காந்திருப்பல்ல."

காரை எடுத்துவிட்டார். ஷேக்கின் மேலிருந்த ஐஸ்கிரீம் கரைந்து என் விரலில் வழிகிறது, துடைக்கத் தோன்றவில்லை... இத்தனை வருடமும் அந்தப் பெருமை அவருடையது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.