நீல டிரம்முக்கு வெள்ளை டிரம்

பிளாஸ்டிக் டிரம் தொழிற்சாலையின் அச்சுப் பிரிவு ஃபோர்மேனை எல்லாரும் நீலக்கையார் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சாயத்தூளில் புழங்கிய கை அது. எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை கையைப் பார்த்துத் தன் சொந்தக்காரர்கள் மிரண்டுபோன கதையை அவர் மனைவி இன்றைக்கும் ஆள் கிடைத்தால் சொல்லிவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அவரைக் கூப்பிட்டார்.

"ஒரு தொண்டு நிறுவனத்தோட சேர்ந்து ஏதாவது நல்ல காரியம் பண்ணலாம்னு மேலிடத்துல முடிவாயிருக்கு. அங்கேருந்து ஒரு நர்சம்மா வர்றாங்க. கூடப் போய் என்ன வேணும்னு பார்த்துட்டு வாங்க."

"எனக்கு மெஷினைத் தவிர என்ன சார் தெரியும்?"

"மத்தவங்களுக்கெல்லாம் வேலை இருக்கு."

அவருக்கும் வேலை இருந்தது. ஆனால் மேனேஜரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் அங்கே இல்லை. நாலு மரக்கன்று, ஒரு பேனர், ஒரு போட்டோ, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வேனில் ஏறினார்.

நர்சம்மா ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு வந்தவர். ஆள் சின்னது, குரல் பெரிது. "உங்க கம்பெனிக்கு மூணு கடுதாசி போட்டேன், பதிலே இல்ல. நாலாவதுக்கு வேனே வந்துடுச்சு," என்றார். சிரித்தாரா குத்தினாரா என்று இவருக்குப் பிடிபடவில்லை.

வேன் ரயில் யார்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் நின்றது. தகர வீடுகள், ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குச் சந்துகள். குழாய் கிடையாது. மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் லாரி வரும். வாசலுக்கு வாசல் இருநூறு லிட்டர் நீல டிரம் நின்றது. எல்லாம் நம்ம சரக்கு என்று நீலக்கையாருக்கு முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது வீட்டில் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா உட்காரச் சொல்லி, டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோனவரின் கண் டிரம்மின் இடுப்பில் போய் நின்றது. அச்சு எண்ணும் அதன் கீழே ஷிப்ட் குறியும் தெரிந்தன. அவருடைய ஷிப்ட். அதற்கும் கீழே, சுரண்டியும் போகாத பழைய லேபிளின் ஒரு மூலை. மெஷினில் படிகிற கிரீஸை எடுக்கிற ரசாயன மருந்து.

"குடிங்கண்ணே, காலையிலதான் லாரி வந்துச்சு. டிரம்மும் சுத்தம். வாசனை போறவரைக்கும் பதினஞ்சு தடவை கழுவினேன்."

வாசனை போகும், மருந்து போகாது என்று அவருக்குத் தெரியும். அந்த மருந்தைப் பிளாஸ்டிக் குடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். வயிறு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளே பிள்ளைகள் இரண்டும் பாயில் சுருண்டு கிடந்தன. வயிற்று வலியாம், பள்ளிக்கூடம் போகவில்லையாம்.

வெளியே வந்ததும், "நீங்க இதைச் சொல்லலையா அவங்ககிட்ட?" என்று நர்சம்மாவைக் கேட்டார்.

"மூணு வருஷமா சொல்றேன். அப்ப தண்ணியை எதுலம்மா பிடிக்கறதுன்னு கேக்கறாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

டிரம் இந்த மாதிரி ரசாயன மருந்து செய்கிற கம்பெனிகளுக்குப் போகிறது. காலியானதும் பழைய சாமான் வியாபாரி அள்ளிக்கொண்டு வருகிறான். அவனிடமிருந்து இந்த வாசல்களுக்கு வந்து சேர்கிறது. நடுவில் யாரைப் பிடித்துக் கேட்டாலும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். அன்று சாயங்காலம் தட்டில் கையை வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த மனைவி, "சோறு இங்க இருக்கு, நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். "நாளைக்கு மேனேஜர்கிட்டயும் இப்படியே சொல்லுங்க. மென்னு முழுங்காதீங்க," என்றாள்.

சொன்னார். பழைய டிரம்மை வாங்கிக்கொண்டு தண்ணீருக்கென்று புதிதாக ஒன்று கொடுக்கலாம் என்றார்.

"காலி டிரம்மை அவங்களுக்கு வித்தது நாம இல்லையே? திரும்ப வாங்கினா தப்பு நம்மதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்," என்றார் மேனேஜர்.

"தப்பு யாருதுன்னு எனக்குத் தெரியல சார். டிரம்ல இருக்கறது என் ஷிப்ட் குறி."

மேனேஜர் மேஜையில் இருந்த ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார். "எழுதிக் கொடுங்க, மேலே அனுப்பறேன்," என்றார்.

தொண்டு நிறுவனத்திலும் ஒரே ரகளை. விஷ டிரம் செய்தவர்கள் கையாலேயே பரிசு வாங்குவதா என்று பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்களாம். மாதா மாதம் தண்ணீரைச் சோதிப்போம், முடிவு நல்லதோ கெட்டதோ குடியிருப்புச் சுவரில் ஒட்டுவோம், டிரம்மில் கம்பெனி பேர் இருக்கக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டு நர்சம்மா அவர்களைச் சமாதானப்படுத்தினார். மூன்று வாரம் இழுத்தடித்த பிறகு இரண்டு பக்கமும் கையெழுத்தானது.

முதல் நாள் மானம் போயிற்று. கையிருப்பில் இருந்த ஐம்பது லிட்டர் கேன்களை லாரி நிறைய ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டுக் கதவுகூட அசையவில்லை. இரட்டைப் பிள்ளைகளின் அம்மாதான் வெளியே வந்தாள்.

"இருநூறை வாங்கிட்டு அம்பதைத் தர்றீங்க. லாரி வர்ற வரைக்கும் மீதி நாளுக்கு நாங்க என்னண்ணே பண்றது?"

நர்சம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணு வருஷமா இவங்க வயித்தைப் பத்தித்தான் கேட்டேன். எத்தனை குடம் தண்ணி வேணும்னு ஒரு நாளும் கேக்கல."

நீலக்கையாருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு தெம்பும் வந்தது. லிட்டர் கணக்கு என்றால் அது அவர் பேட்டை.

ஸ்டோரில் அகல வாய் டிரம்முக்கான அச்சு ஒன்று பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பினார். இருநூறு லிட்டர், மூடி, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குழாய். சாயம் சேர்க்கவே இல்லை. வெள்ளை என்றால் தண்ணீர், நீலம் என்றால் மருந்து. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். மெஷினில் நிறம் மாற்றுவது பெரிய தலைவலி. பழைய நீலம் முழுக்க வெளியேற அரை நாள் போகும். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினைப் பிரித்து எப்படியும் கழுவுவார்கள். கழுவிய கையோடு வெள்ளையை ஓட்டிவிடலாம் என்று அவர் சொன்னதும் ஷிப்ட் ஆட்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே அத்தனை பேரும் வந்தார்கள்.

அடுத்த தடவை லாரியை விட்டு இறங்கியதும் நேராக அந்த வீட்டுக்குத்தான் போனார்.

"இதுல இருந்தது கிரீஸ் எடுக்கற மருந்தும்மா. நூறு தடவை கழுவினாலும் விடாது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம வந்தது என் தப்பு."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "அதான் அன்னிக்கு நீங்க குடிக்கலையா?"

"ஆமாம்மா."

"எம் பிள்ளைங்க குடிச்சுதுங்களே."

அவள் உள்ளே போய்விட்டாள். சிறிது நேரம் கழித்து, டிரம்மில் இருந்த தண்ணீரையெல்லாம் சந்தில் கவிழ்த்துவிட்டு, அதை உருட்டிக்கொண்டு லாரிக்கு வந்தாள். வெள்ளை டிரம்மை வாங்கிக்கொண்டு அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாள். ஆனால் வீடு வீடாக நின்று அக்கம்பக்கத்தில் என்ன சொன்னாளோ, மத்தியானத்துக்குள் சந்து முழுக்க டிரம் உருள்கிற சத்தம். அன்றைக்குக் கொண்டுவந்த நாற்பதும் போதவில்லை.

மறு மாதம் பழைய சாமான் வியாபாரி லாரியை மறித்துக்கொண்டு நின்றான். "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே."

"உன் பொழப்பு எங்கேயும் போகல. காலி டிரம்மை இங்க இறக்காம நேரா எங்க கேட்டுக்குக் கொண்டு வா. அரைச்சு, சரக்கு அடுக்கற பலகையாக்கிடறோம்," என்றார் நீலக்கையார்.

அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கு டிரம்னா டிரம். இறக்கற இடம்தானே மாறுது."

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. மூன்றாம் மாதச் சோதனையில் ஒன்பது டிரம்களின் குழாய் பொருத்திய இடத்தில் அழுக்கு சேர்ந்திருந்தது. நர்சம்மா அதையும் சுவரில் ஒட்டினார். அதைக் கிழிக்கச் சொல்லுங்கள் என்று மேனேஜர் போனில் குதித்தார். "கையெழுத்துப் போட்டிருக்கோமே சார்," என்றார் நீலக்கையார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜரே வந்து இறங்கினார். போட்டோக்காரர் யாரும் கூட வரவில்லை. ஒரு வாசலில் குந்தி உட்கார்ந்து, குழாயைத் தானே கழற்றிப் பார்த்து, "இந்த வாஷர் உதவாது," என்றார். புது வாஷர் வந்தது.

எட்டு மாதத்தில் நானூற்றுச் சொச்சம் வீடுகளில் அறுபதுதான் பாக்கி. பிள்ளைகளின் வயிற்று வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டால் நர்சம்மா பிடி கொடுக்க மாட்டார். "குறைஞ்ச மாதிரிதான் தெரியுது. இன்னும் ஒரு வருஷம் போகட்டும், அடிச்சுச் சொல்றேன்." இரட்டைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடாமல் போய்வருவதை நீலக்கையார் தன் கண்ணாலேயே பார்த்தார்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு குடியிருப்பு உண்டு. அங்கே போகிற அன்று அவரும் நர்சம்மாவும் வேனில் ஏறிய பிறகு, இரட்டைகளின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே. அங்க நீங்க வாயைத் திறக்க வேண்டாம், நான் பேசிக்கறேன்."

எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. நீலக்கையார் தள்ளி உட்கார்ந்தார்.