குண்டூசி குத்திய அத்தியாயம்

"அடுத்து என்ன ஆகும், நீ சொல்லுட்டி?" என்று பிரம்மநாயகி ஒரு நாள் கேட்டாள். வாரப் பத்திரிகையில் துப்பறியும் சாருமதி கதையின் முதல் பாகம் அந்த வாரம்தான் முடிந்திருந்தது. வாய் திறக்கவே கூச்சப்படுகிற முத்துமீனாள், எட்டாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மணி அடிக்கும்வரை சொன்னாள்.

ஒன்பதாவது பாதியில் வயதுக்கு வந்ததும் அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். கேட்க ஆளில்லாததால் மிச்சத்தை நோட்டில் எழுதினாள். மூன்று நோட்டுகள் யாருக்கும் தெரியாமல் துணிப்பெட்டிக்கு அடியில் கிடந்தன. அவள் எழுதிய இரண்டாம் பாகத்தில் சாருமதிக்கு ஒரே தோழிதான்.

பத்திரிகையில் இரண்டாம் பாகம் வர இரண்டு வருஷம் ஆனது. முதல் பாகத்தின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி பிடித்துத் தைத்தவள் முத்துமீனாள். இந்த இரண்டாம் பாகத்தைத் தைத்தவள் கோமதித்தாய். பத்தாம் வகுப்பில் பிரம்மநாயகிக்குப் பக்கத்து இடம்.

வியாழக்கிழமை பிரம்மநாயகி தைத்த கட்டைக் கொண்டுவந்தாள். "சனிக்கிழம வந்து வாங்கிக்கிடுதேன். கடைசி அத்தியாயத்த மட்டும் பிரிச்சிராத. நாங்களே இன்னும் படிக்கல." அந்தத் தாள்களைச் சேர்த்து நாலு குண்டூசி குத்தியிருந்தது.

"எனக்கு எங்க நேரம் இருக்கு?"

"ஆமா, பெரிய தாசில்தாரு!" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

முத்துமீனாள் அடுப்படியில் குந்தி வாசித்தாள். கதையில் மனம் நிற்கவில்லை, கண் ஓரத்துக்கே போயிற்று. ஓரமெல்லாம் பென்சில் எழுத்து.

'கணக்குப்பிள்ளைதான் கள்ளன் - கோ.'

'ஏட்டி கிறுக்கி, அவரு பாவம் - பி.'

முதல் பாகத்தின் ஓரங்களில் 'பி'யும் 'மு'வும்தான் இருந்தன. போதாததற்குச் சாருமதிக்கும் ஒரு புதுத் தோழி வந்திருந்தாள். சைக்கிள் விடுகிற பட்டணத்துக்காரி. அவள் எந்தக் கிணற்றிலாவது விழுந்து தொலைந்தால் தேவலை என்று நினைத்தபடியே வாசித்தாள்.

ஊசி குத்தியதற்கு முந்தின பக்கத்தில், 'பந்தயமா? - கோ.' 'பந்தயம் - பி.'

முத்துமீனாள் நாலு ஊசியையும் உருவினாள். வாசித்து முடித்ததும் அப்பாவின் மைப்பேனாவை எடுத்து, பந்தயத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'கள்ளன் தபால்காரர் - மு.' யார் எழுதியது என்று தெரியாமல் போய்விடக் கூடாது. மை காயும்வரை ஊதிவிட்டு, ஊசிகளைப் பழைய ஓட்டையிலேயே குத்தினாள். நெஞ்சு குளிர்ந்தது போலிருந்தது.

சனிக்கிழமை பிரம்மநாயகி மூச்சிரைக்க வந்தாள். "சட்டுனு தாவணிய மாத்துட்டி. கோமதி கோயில் நாகசுனைப் படியில காத்துக் கெடக்கா."

"நான் எதுக்கு?"

"கடைசி அத்தியாயத்த நீ சத்தமா வாசிக்கணும், நாங்க கேக்கணும். அதுக்குத்தான ஊசி குத்தி வச்சது! ஒங்கம்மாகிட்டயும் கேட்டாச்சு, ஆறு மணிக்குள்ள கொண்டாந்து விட்டுருதேன்னு. கோமதி பிரிச்சிருவோம்னு நச்சரிச்சா. மீனா இல்லாம முடியாதுன்னுட்டேன்."

முத்துமீனாள் மடியிலிருந்த கட்டை இறுகப் பிடித்தாள். "எனக்குத் தலைவலிக்கி."

"வலியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. குடு, ஊசி இருக்கான்னு பாக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே பிடுங்கிப் பிரித்தாள்.

சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு வரியை வாசிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரம்மநாயகி கட்டை முத்துமீனாளின் மடியிலேயே திரும்ப வைத்தாள். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கிப் போனாள்.