கரைந்த தாலிக்குண்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எங்கள் ஊர் அகரத்தில் யாராவது சொன்னால், கூட இருப்பவர்கள் என் பக்கம்தான் திரும்புவார்கள். திரும்பட்டும்.

அறுபத்து நாலாம் வருஷம். திண்டுக்கல் சந்தையில் கத்தரிக்காய் மூட்டைகளை இறக்கிவிட்டு, தங்கச்சி சண்முகவள்ளியைப் பார்க்கப் போனேன். தெருக்குழாயில் குனிந்து குடத்தைத் தூக்கினாள். தாலிக்கயிறு வெளியே வந்து விழுந்தது. தாலி இருந்தது. அதன் இரண்டு பக்கமும் கோத்திருந்த தங்கக் குண்டுகளைக் காணோம். என் காளையை விற்று நான் போட்ட குண்டுகள் அவை.

"குண்டு எங்க தாயி?"

"உன் மாப்ளயக் கேளு," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பே எனக்கு ஆகவில்லை.

மாப்பிள்ளை நாச்சிமுத்து காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர். பின்கட்டு அறையில் குனிந்து எதையோ காய்ச்சிக்கொண்டிருந்தார். குண்டு எங்கே என்றேன். திரும்பாமலே, "கரைச்சுட்டேன் மச்சான்," என்றார்.

எங்கள் பக்கம் ஒருத்தன் நகையைக் கரைத்தான் என்றால், சீட்டிலும் சாராயத்திலும் தொலைத்தான் என்று அர்த்தம். வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது.

தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினேன். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். "சொல்றதக் கேளு மச்சான், அந்தச் செவப்புத் தண்ணிதான் குண்டு," என்று ஜன்னலில் இருந்த புட்டியைக் காட்டினார். மஞ்சத் தங்கத்தைச் சிவப்புத் தண்ணி என்கிறானே, நான் என்ன கேனப்பயலா என்று வெறி இன்னும் ஏறியது. வயிற்றில் மிதித்தேன். அவர் எழுந்திருக்கப் பார்க்கையில், மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்து வீசினேன். அது அவர் மேல் படவில்லை. மேலே ஜாடிகள் வைத்திருந்த பலகையில் பட்டது. தங்கத்தையே கரைக்கிற திராவகம், ஜாடி உடைந்து அவர் முகத்தில் கொட்டியது.

ஆடு அறுக்கும்போதுகூட அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. வள்ளி ஓடிவந்து குடத்துத் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். துடைத்தபோது தோல் அவள் கையோடு வந்தது.

கை தவறித் தானே கொட்டிக்கொண்டதாக மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணும் போயிற்று. வள்ளி என்னோடு பேச்சை விட்டாள்.

அவரோடு படித்த மரியசெல்வம் பிரான்சு தேசத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைத்து ஆராய்ச்சி செய்பவர். லீவில் வந்தவர்தான் எனக்கு விளங்கவைத்தார். கண்ணுக்குத் தெரியாத தங்க உருண்டைகள் அந்தச் சிவப்புத் தண்ணீரில் மிதக்கின்றனவாம். அம்புட்டுச் சிறிசானால் தங்கம் சிவப்பாகத்தான் தெரியுமாம்.

"எலெக்ட்ரான் உரசிக்கிட்டுப் போனா, தங்கத்து மேல இருக்க மின்சாரம் கெணத்துத் தண்ணி மாதிரி அலையடிக்கும். அதுல எலெக்ட்ரானுக்குக் கொஞ்சம் பலம் போயிரும். பலம் போனத மட்டும் பிரிச்சுப் படம் எடுத்தா அலையப் பாத்துரலாம். அதப் பாக்கணும்னுதான் நாச்சிமுத்து கெடந்து துடிச்சான். குண்டக் கழட்டிக் குடுத்ததே உங்க தங்கச்சிதான்."

என் கையை நானே வெட்டிப் போடலாம் போல இருந்தது. உடையாமல் தப்பிய புட்டியை அவர் எடுத்துப் போனார்.

எட்டு மாதம் கழித்துப் பிரான்சிலிருந்து பன்னிரண்டு படங்கள் தபாலில் வந்தன. அடியில் எல்லாம் இங்கிலீஷ். வள்ளிக்கு இங்கிலீஷ் தெரியாது. எட்டாம் வகுப்பு படித்தவன் என்று மாப்பிள்ளை என்னைத்தான் கூட்டிவரச் சொன்னார். போனேன். வள்ளி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

முதல் படத்தின் அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"கறுப்பு உருண்டை தெரியுதா மச்சான்?"

"தெரியுது."

"ஒவ்வொண்ணையும் சுத்தி ஓரத்துல வெள்ளையா வளையம் இருக்கா? அதான் அலை."

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெறும் கறுப்பு உருண்டைகள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருக்கு மாப்ள. பளிச்சுனு இருக்கு."

வள்ளி எப்போது என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாளோ தெரியாது. "பொய்யி. ஒரு வளையமும் இல்ல," என்றாள். அடுப்பிலிருந்து எரிகிற விறகை உருவிக்கொண்டு வந்தாள். "கண்ணப் பறிச்சது பத்தாதுன்னு பொய்யி வேற சொல்றியா?"

முதல் அடி தோளில் விழுந்து சட்டை பொசுங்கியது. அடுத்தது காதில். நான் தடுக்கவில்லை. மூன்றாவது அடிக்கு என் முகத்துக்கு நேரே ஓங்கினாள்.

நாச்சிமுத்து கையால் துழாவி அவள் சேலையைப் பிடித்தார்.

"கண்ணுல மட்டும் அடிச்சிராத வள்ளி. இன்னும் பதினோரு படம் இருக்கு."