கேட்காமல் போன ஆறு வருஷம்

ஸ்டீபன் போன் செய்ததிலிருந்து ஏஞ்சலினுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. ஆறு வருஷமாகப் பேசாத அண்ணன். "கிறிஸ்மஸுக்கு ஊட்டுக்கு வா. மாப்ளயயும் இட்னு வா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான். அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

அண்ணன் தங்கையைப் பண்டிகைக்குக் கூப்பிடுவதில் என்ன அதிசயம்? ஸ்டீபன் போகிற சபையில் கிறிஸ்மஸே கிடையாது, அதுதான். வேதத்தில் தேதி இல்லை, ஆகவே கொண்டாடக் கூடாது என்பது அவர்கள் போதகரின் கட்டளை. அந்தப் போதகர் பேச்சைக் கேட்டுத்தான், அப்பா தானியேலின் அடக்க ஆராதனையன்று அவன் சர்ச் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். ஒரு பிடி மண்கூடப் போடவில்லை. அப்படிப்பட்டவன் கிறிஸ்மஸுக்குக் கூப்பிடுகிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

ஏஞ்சலின் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். ஓடுகிற பெல்ட்டில் உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கி எடுப்பதற்குத்தான் சம்பளம். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கண் வீட்டுக்கும் வந்துவிட்டது.

கிறிஸ்மஸ் காலை ஆராதனை முடிந்து கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"நைனா வுட்டுட்டுப் போன மனையில கையெழுத்து கேப்பான், பாருங்க."

கணவன் யேசுதாஸ் மடியில் கேக் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, "அது அப்பவே ரெண்டா எழுதியாச்சே" என்றான்.

"அப்ப அவுங்க சபைக்கு இழுக்கப் பாக்குறான்."

"போனா தெரிஞ்சுடப் போவுது. அதுக்குள்ள நீ ஏன் பேஜாரு பண்ற?"

பொன்னேரி தாண்டியது. காலையில் சர்ச்சில் பாதிரி ஐயர், மரியாளின் கணவன் யோசேப்பைப் பற்றிப் பிரசங்கித்திருந்தார். மரியாளைச் சந்தேகப்பட்டு, சத்தமில்லாமல் விலக்கிவிடப் பார்த்த நல்ல மனுஷன். அவள்மேல் தப்பில்லை என்று அவனுக்குச் சொப்பனத்தில் தேவதூதன் வந்து சொன்னான், சரி. எனக்கு யார் வந்து சொல்வார்கள் என்று அப்போதே அவளுக்குத் தோன்றியிருந்தது. அவளிடம் இருந்தது சாதாரணச் சந்தேகம் அல்ல. அடக்கத்தன்று அப்பாவின் பைபிள் காணாமல் போனது. கறுப்பு அட்டை, ஓரமெல்லாம் அப்பாவின் பென்சில் எழுத்து. எடுத்தது ஸ்டீபன்தான் என்பதில் அவளுக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. உள்ளே வரமாட்டேன் என்றவன், வீட்டுக்குள் புகுந்து அதை மட்டும் எடுத்துப் போயிருக்கிறான். இதை அவள் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை, புருஷனிடம்கூட.

மீஞ்சூரில் ஸ்டீபன் வீட்டு வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் இல்லை. உள்ளே பிரியாணி வாசனை. அண்ணி திலகவதி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஏஞ்சலினின் கண் அலமாரி, டிவி ஸ்டாண்டு, கட்டிலடி என்று போய்வந்தது. கறுப்பு அட்டை எங்கும் தெரியவில்லை. ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். தட்டில் விழுந்த கறித்துண்டுகளைக்கூட எண்ணத் தோன்றியது. எதற்கு இவ்வளவு உபசாரம்?

கை கழுவியதும் ஸ்டீபன் தொண்டையைக் கனைத்தான். இதோ வருகிறது என்று நிமிர்ந்தாள்.

"ஏஞ்சலு, கோச்சுக்காத. நைனா பைபிள ஒரு நாளைக்கு எனக்குக் குடுப்பியா? திருப்பிக் குடுத்துடறேன்."

"இன்னா சொல்ற நீ? அத எடுத்துக்கினு போனதே நீதான."

"நானா? ஊட்டுக்குள்ளயே வரலியே நான். நீதான் எனக்குத் தரக்கூடாதுன்னு பூட்டி வெச்சுக்கினன்னு இத்தினி வருஷமா..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவன் நடிக்கிறான் என்று முதலில் நினைத்தாள். அந்த முகத்தில் எதையும் பொறுக்கி எடுக்க முடியவில்லை.

யேசுதாஸ்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அது மாமாகூடவே போச்சு. ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சுக்கினு கேட்டாரு, பெட்டியில வெச்சுடுன்னு. மூடுற நேரம் நெஞ்சு மேல வெச்சேன். நீ அப்ப மயக்கமா கெடந்த. மச்சான் வெளிய நின்னுக்கினு இருந்தாரு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீ ஒரு நாளும் கேக்கலியே."

கேட்கவில்லைதான். தெரிந்தே இருந்ததாக நம்பியவள் எதற்குக் கேட்பாள்? அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணனைத் திருடனாக வைத்துக்கொண்டே, மனதில் கசப்போடு தொடக்கூடாத திருவிருந்து அப்பத்தை ஆறு கிறிஸ்மஸ் எடுத்திருக்கிறாள்.

"எதுக்கு உனக்கு அது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஸ்டீபன் தரையைப் பார்த்தான். "கிறிஸ்மஸ் காலையில நைனா, இயேசு பொறந்த கதை, லூக்கா ரெண்டாவது அதிகாரம் படிப்பாரே. ஒரு மாசமா அந்தக் கொரலு எனக்கு ஞாபகத்துக்கே வரல. புஸ்தகத்தக் கையில வெச்சா வருமோன்னு பாத்தேன்."

"சிரேனியு" என்றாள் ஏஞ்சலின். "அதுல அந்த தேசாதிபதி பேரு வந்தா போதும், நைனாவுக்கு நாக்கு சிக்கிக்கும். சிரே... சிரேனி... ன்னு கண்ணாடியத் தொடச்சுக்கினு மொதல்லேர்ந்து படிப்பாரு."

ஸ்டீபன் சிரித்துவிட்டான். சிரிப்பின் நடுவிலேயே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். திலகவதி எழுந்து போய் அவர்கள் வீட்டு பைபிளைக் கொண்டுவந்து கணவனிடம் நீட்டினாள். அவன் அதை ஏஞ்சலினிடம் தள்ளினான்.

"உங்க போதகருக்குத் தெரிஞ்சா?" என்று கேட்டாள். சந்தேகம் அவளை அவ்வளவு சீக்கிரம் விடுவதாக இல்லை.

"கேட்டார்னா சொல்லிடறேன். நீ படி."